சாக்கு முனி

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும் என்று ஒதுங்கி இருப்பதுதான் என்னைப் போன்றவனுக்கு நல்லது. தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்பு, அதன் பிறகு கிள்ளானில் இரண்டு வருஷம் இங்கிலீஷ், அவ்வளவுதான் என் படிப்பு. தோட்டத்து ஆபீசில் ஆட்களின் பேரையும் மழையின் அளவையும் எழுதிப் பழகிய கை இது. நாலு பேர் படிக்கும்படி ஒன்றை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். புத்தரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. நான் அந்த மார்க்கத்தைச் சேர்ந்தவனும் இல்லை. அந்த மார்க்கத்தில் நடந்த ஒரு மண்டோரைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் காது தவறாகக் கேட்டதாலும், பிறகு என் வாய் திறக்காததாலும் அவருக்கு வந்த இடைஞ்சலைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆகவே என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானிலிருந்து ஆற்றுப் பக்கமாக உள்ளே இறங்குகிற தாழ்ந்த நிலம். தண்ணீர் வடியாவிட்டால் ரப்பர்ப் பால்மரங்களின் வேர் அழுகிவிடும். அதனால் பால் வெட்டுக்கு அடுத்தபடி அங்கே பெரிய வேலை தண்ணீர் வடியக் கான் வெட்டுவது. ஓர் ஆள் இறங்கி நின்றால் தலை தெரியாத கான்களும் உண்டு. கான் வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக அவர் ராசா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தார். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒல்லி. கையில் எப்போதும் ஆறடி அளவுகோல் ஒன்று இருக்கும். அவர் மனைவி கூட வந்திருந்தார். ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறை அவர்களுக்குக் கிடைத்தது.

வந்த ஒரு வாரத்துக்குள் லயத்தில் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் இரண்டு. விடியற்காலையில் தண்டோரா அடித்ததும் எல்லாரும் முகம் கழுவ ஓடும் நேரத்தில், அவர் அறைக்குப் பின்னால் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருப்பார். விளக்கு இல்லை, படம் இல்லை, விபூதி இல்லை, வாயில் மந்திரமும் இல்லை. கால் மணி நேரம் கழித்து எழுந்து, தகரத்தைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். இன்னொன்று அவருடைய துண்டு. அதன் ஓரத்தில் வரிசையாக ஐந்து முடிச்சு இருக்கும். சாயந்தரம் வேலை முடிந்து குளிக்கப் போகும்போது முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். சில நாள் ஐந்தும் அவிழும். சில நாள் ஒன்று அப்படியே நிற்கும். முடிச்சோடு துவைத்துக் காயப்போட்ட துண்டை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த முடிச்சின் பொருள் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொல்லாமை, திருடாமை, பிறன்மனை நாடாமை, பொய் சொல்லாமை, குடியாமை. அன்றைக்கு எதைக் காத்தாரோ அது அவிழும். தவறியது நிற்கும். ஒரு நாள் சாயந்தரம் ஆபீசை மூடப்போகிற நேரத்தில் அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, காலையில கான் பன்னெண்டு சங்கிலி முடிஞ்சுதுன்னு சொன்னேன். பதினொண்ணரைதான் இருக்கும். திருத்திக்கிறீங்களா?"

"அரைச் சங்கிலிதானே. நாளைக்கு வெட்டிடுவீங்களே."

"நாளைக்கு வெட்டுறது நாளைக்குங்க. இன்னிக்கு நான் சொன்னது தப்பு."

திருத்தினேன். அவர் வாசலிலேயே நின்று துண்டு முனையைப் பார்த்தார். அவிழ்க்கவில்லை. சொன்னது சொன்னதுதான் என்பதுபோல் முடிச்சோடு போனார்.

மண்டோர் என்றால் கெட்ட வார்த்தை பேசாமல் வேலை வாங்க முடியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இவர் பேசமாட்டார். ஆள் யாராவது எதிர்த்துப் பேசினால் அளவுகோலை ஊன்றி நின்று ஒரு மூச்சு இழுத்து விடுவார். அதன் பிறகுதான் பதில் வரும். அந்த மூச்சை ஆட்கள் கேலி செய்வார்கள். "மண்டோர் மூச்சு வாங்குறாரு, வெத்தலையப் போடுங்கடா" என்று ஒருவன் சொல்ல, கானுக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்கும். அவரும் சிரிப்பார். ஆனால் வேலை நின்றதில்லை. அவர் காலத்தில் வெட்டிய கான்களின் கரை இன்றைக்கும் நூல் பிடித்தது போல் நிற்கிறது. இதை நான் சொல்லக் கேட்டு நம்ப வேண்டியதில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

இனி என் தவறு.

அது சென்சஸ் எடுத்த வருஷம். லயங்களுக்குப் போய் ஆள் ஆளாகக் கேட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. பேர், வயது, பிறந்த இடம், மதம். பத்துப் பேர் கூடி நின்று பார்க்க ஓர் ஆளைக் கேள்வி கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை என்னைப் போன்ற கூச்சக்காரர்கள்தான் அறிவார்கள். கடையில் சாமான் தவறாகக் கட்டிக் கொடுத்தாலும் இரண்டாம் தடவை கேட்காமல் வாங்கி வந்துவிடுகிறவன் நான். கடைசி அறைக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"மதம்?" என்று கேட்டேன்.

மண்டோர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது "சாக்குமுனி வழி" என்று. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். பின்னால் கூட்டம் நின்றது. கேட்டுக்கொண்டவன் போல் தலையை ஆட்டிவிட்டு, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்த அறைக்குப் போனேன்.

ஆபீசில் எனக்கு மேலே கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியாரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் மனம் கெட்டவர் இல்லை. காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "வேதக்காரரையும் முஸ்லிம் ஆக்களையும் விட்டா மிச்சம் எல்லாம் இந்துதான் காணும். எழுதும்."

இந்து என்று எழுதினேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் பூசாரி வழியில் என்னைப் பிடித்துக்கொண்டார். பகலில் பால் வெட்டுகிறவர், வெள்ளிக்கிழமையில் முனியாண்டிக்குப் பூசை போடுகிறவர். லயத்தில் அவர் வாக்குக்கு மறுவாக்கு இல்லை.

"கிராணியாரே, அந்தக் கான் மண்டோர் எந்தச் சாமியாம்? வெளக்கும் ஏத்தல, திருநீறும் பூசல. துண்டுல அஞ்சு முடிச்சு வேற. ஏதாச்சும் ஏவலா?"

"அதெல்லாம் இல்லை. ஏதோ சாக்குமுனியாம்" என்றேன்.

பூசாரி அப்படியே நின்றுவிட்டார். முனி என்ற சொல் எங்கள் பக்கத்தில் சாதாரணச் சொல் இல்லை. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட நாளிலிருந்து எல்லையைக் காப்பவர் முனி. சுருட்டு வைத்து, கள் வைத்து, சேவலோ ஆடோ கொடுத்தால் காப்பார், மறந்தால் வாங்கிக்கொள்வார். எங்களுக்குத் தெரியாத ஒரு முனியை இந்த மனிதர் ராசாவிலிருந்து தன்னோடு கூட்டி வந்திருக்கிறார் என்றுதான் பூசாரி எடுத்துக்கொண்டார். நான் "தெரியவில்லை" என்று சொல்லியிருந்தால் போதும். தெரியாது என்று சொல்லவும் எனக்குக் கூச்சம்.

ஒரு மாதம் ஆனது. புதர்க்காட்டு ஓரத்தில் எங்கள் எல்லை முடிகிற இடத்தில் பேர் தெரியாத பெரிய காட்டுமரம் ஒன்று உண்டு. ஒரு நாள் அளவு பார்க்க நானும் மண்டோரும் அங்கே போனோம். மரத்தடியில் ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்து விரித்திருந்தார்கள். அதன்மேல் மஞ்சள் பூசிய கல். பக்கத்தில் ஒரு சுருட்டு, பாதிக் கள்ளோடு ஒரு போத்தல்.

மண்டோர் குனிந்து பார்த்தார்.

"சாக்கு புதுசா இருக்கே. ஸ்டோர்லேருந்து வந்திருக்கும். பெரிய கிராணியார் தேடப்போறாரு."

நான் அளவு நோட்டைப் பிரித்தேன்.

"என்கிட்ட சொன்னாங்க ஐயா, இது என் சாமியாம். சாக்குமுனியாம்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை.

திரும்பி வரும்போது ஆற்றங்கரை மேட்டில் நடந்தபடி அவராகவே விளக்கினார். அது சாக்கு இல்லை, சாக்கியம். புத்தர் பிறந்த குலத்தின் பேர்.

"முனின்னா பேச்சைக் கொறச்சவருன்னு அர்த்தமுங்க. அப்படிப் பாத்தா நீங்க பாதி முனி."

"நீங்கள் அவரைக் கும்பிடுவதில்லையா?"

"செத்துப்போன மனுசந்தாங்க அவரு. எம்பது வயசுல வயித்து நோவு வந்து செத்தாரு. நான் கும்பிட்டா அவருக்கு எப்படிக் கேக்கும்? சொல்லிட்டுப் போனாரு. செஞ்சு பாக்குறேன். ஒதவுதுன்னு தெரிஞ்சுது, அதனால செய்யறேன். ஒதவலைன்னா விட்டுட்டுப் போன்னு அவரே சொல்லியிருக்காரு."

சென்னையில் ஒரு மில்லில் வேலை பார்த்த காலத்தில், பக்கத்துத் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடிய ஒரு பௌத்தக் கூட்டத்தில் இதைக் கேட்டாராம். "எங்க ஆளுங்கள எந்தக் கோயில்லயும் உள்ள விடல ஐயா. அங்கதான் மொத மொதல்ல, வா, ஒக்காருன்னு பாய் போட்டாங்க" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. பாயின் நினைவு மட்டும்தான் இருந்தது.

"மறுபிறவி உண்டா?" என்று கேட்டேன். நான் ஒருவரை இப்படிக் கேள்விமேல் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"எனக்குத் தெரியாதுங்க. தெரியாததத் தெரியும்னு சொன்னா நாலாவது முடிச்சு நின்னுபோகும். காலையில ஒக்காந்தா என்ன தெரியுதோ அதுதான் தெரியும். மூச்சு உள்ள போவுது, வெளிய வருது. நடுவுல நேத்து எவன் என்ன சொன்னான்னு ஞாபகம் வருது. அதையும் பாத்துக்கிட்டே இருந்தா அது போயிடுது. அவ்வளவுதான்."

கால் மணி நேரத்தில், விடியலில் பேர் வாசிக்கும் பெரட்டுக்கு முன்னால், சம்பளத்துக்கு உழைக்கிற ஒருவன் செய்யக்கூடியது இவ்வளவு என்பது போல அவர் சொன்னார். துறவியாகப் போகவேண்டும் என்றோ மற்றவர்கள் தன் வழிக்கு வரவேண்டும் என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கே "சாக்குமுனி என்று சொன்னவன் நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். மேட்டிலிருந்து இறங்குகிற வரைக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இறங்கிவிட்டோம்.

வருஷக் கடைசி மழை தொடங்கியது. கீழ்க்காட்டில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது. புதர்க்காட்டை ஊடுருவி ஆற்று மதகு வரைக்கும் ஒரு பெரிய கான் உடனே வெட்டவேண்டும் என்று தோட்டத்து மேனேஜரான துரை சொன்னார். அந்தக் கான் அந்தக் காட்டுமரத்துக்குப் பத்தடி தூரத்தில் போகும்.

முதல் நாள் ஒருவன் மண்வெட்டியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். இரண்டாம் நாள் புதரை இழுத்தபோது குளவிக்கூடு கலைந்து இரண்டு பேர் முகம் வீங்கித் திரும்பினார்கள். மூன்றாம் நாள் ஒருவரும் கானில் இறங்கவில்லை. பூசாரி வந்து பார்த்துவிட்டு, சாக்குமுனி ரத்தம் கேட்கிறது என்றார். ஆடு வெட்டவேண்டும். அதையும் தான் வெட்டக் கூடாதாம்.

"முனி யாரு கூட வந்துச்சோ அவங்க கையாலதான் மொத வெட்டு விழணும். அதான் மொறை. மண்டோர் வெட்டட்டும்."

மண்டோர் அளவுகோலை ஊன்றி ஒரு மூச்சு விட்டார். "நான் வெட்டமாட்டேன் பூசாரியாரே. கொல்லுறதில்லன்னு சொல்லியிருக்கேன். ஒங்க முனியாண்டிக்கு நீங்க வெட்டுனா நான் தடுக்கல. இந்தப் பேருல வேணாம்."

"வெட்டலைன்னா ஆளுங்க எறங்கமாட்டாங்க."

"அது அவங்க இஷ்டம். நான் எறங்குறேன்."

அவர் தனியாக இறங்கி வெட்டினார். ஒரு மனிதன் அரை நாளில் என்ன வெட்ட முடியும்? வெட்டிய இடத்திலேயே கரை சரிந்தது. சனிக்கிழமை துரை குதிரையில் வந்து பார்த்துவிட்டு ஆபீசுக்கு வந்தார். திங்கட்கிழமைப் பெரட்டில் ஆட்கள் கானுக்குப் போகாவிட்டால் மண்டோரை அன்றைக்கே தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டு வேறு ஆள் போடவேண்டும் என்று பெரிய கிராணியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். மண்டோரின் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். அந்த மழையில், அந்த வயிற்றோடு, அடுத்த வேலை எந்தத் தோட்டத்தில் என்று தெரியாமல் லயத்து அறையைக் காலி செய்யவேண்டும்.

பெரிய கிராணியார் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நானும் இருந்தேன்.

"இஞ்ச பாரும். நீர் வெட்ட வேண்டாம். கத்தியைத் தொட்டுப் பூசாரியின்ர கையில குடுத்தா முடிஞ்சுது. அவன் வெட்டட்டும். நானும் சைவக்காரன்தான். எண்டாலும் வேலை போகுமெண்டா தொட்டுக் குடுப்பன்."

"தொட்டுக் குடுத்தா அது நான் வெட்டுன மாதிரிதானேங்க."

"ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமுங்க."

பெரிய கிராணியார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உம்மட மனுசிக்கு எட்டு மாசம். அதை யோசிச்சீரோ?"

"ராத்திரி பகலா அதத்தாங்க யோசிக்கிறேன்" என்றார் மண்டோர். அப்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மனத்தைக் கட்டியவருக்குப் பயம் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். பயம் இருந்தது. இருந்தும் அவர் இடம் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து கருவாடு அலசிக்கொண்டிருந்தார். என் பார்வை கருவாட்டின்மேல் போனதைக் கவனித்துவிட்டார்.

"அவருக்குத்தாங்க அஞ்சு முடிச்சு. எனக்கு ஒரே முடிச்சுதான், அது கழுத்துல இருக்கு" என்றார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏங்க, கிராணி ஐயா வந்திருக்காங்க. மூட்டை கட்டச் சொல்ல வந்தாங்களா என்னான்னு கேளுங்க."

மண்டோர் வெளியே வந்தார். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். மழைச் சத்தம், காது, கூட்டம், பூசாரி கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும். அந்தப் பேரைப் பரப்பியவன் நான் என்று.

"தெரியுமுங்க" என்றார்.

"எப்போதிலிருந்து?"

"சாக்கு பாத்தமே, அதுக்கு மொத நாளே. கிராணியாரே சொன்னாருன்னு பூசாரி சொன்னாரு."

"பிறகு ஏன் சொல்லவில்லை? இப்போதுகூட, கிராணி தவறாகச் சொல்லிவிட்டார் என்று சொன்னால் தீர்ந்துவிடுமே."

அவர் தலையைச் சொறிந்தார். "சொன்னா ஒங்களப் பெரட்டுல நிறுத்திக் கேப்பாங்க. கூட்டம்னா ஒங்களுக்கு ஆகாது. நான் பாத்திருக்கேனே. பேர் வாசிக்கிறப்பவே காகிதம் ஆடும்."

"நல்லா பாத்தீங்க போங்க" என்றார் அவர் மனைவி, கருவாட்டைப் பிழிந்துகொண்டே. "அவரு காகிதம் ஆடக் கூடாது. நம்ம பொழப்பு ஆடலாம்."

அந்த அம்மாள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. நான் வீட்டுக்கு வந்தேன். வீடும் வேலையும் போகிற நிலையிலும் என் காகிதம் ஆடுவதை ஒருவர் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு கவனித்துப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

திங்கட்கிழமை பெரட்டு. ஐந்தரை மணிக்கு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பூசாரி ஓர் ஆட்டை ஆபீஸ் தூணில் கட்டியிருந்தார். மாலையும் போட்டிருந்தது. பெரிய கிராணியார் நாற்காலியில். துரை இன்னும் வரவில்லை. மண்டோர் கான் ஆட்களுக்கு முன்னால் அளவுகோலோடு நின்றார். நான் பேர் வாசித்து முடித்தேன். காகிதம் ஆடியது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மண்டோர் செய்வது போல ஒரு மூச்சு இழுத்து விட்டேன்.

"ஒரு விஷயம்" என்றேன்.

யாரும் கவனிக்கவில்லை. பெரிய கிராணியார்தான் திரும்பினார். "சத்தமாச் சொல்லுமன்."

"சாக்குமுனி என்று ஒரு முனி கிடையாது" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். "எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. அது சாக்கியமுனி. அது புத்தருடைய பேர். அவர் சாமி இல்லை. ஒரு மனிதர். வயிற்றுநோயில் இறந்துபோனார். மண்டோர் எந்த முனியையும் கொண்டுவரவில்லை. தவறாகச் சொன்னவன் நான். அவரை விட்டுவிடுங்கள்."

இவ்வளவுதான் பேசினேன். தூணைப் பிடித்துக்கொண்டேன். ஆடு என் வேட்டியை முகர்ந்தது.

பூசாரி யோசித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கிராணியாரே, நீங்க தப்பாவே சொல்லியிருங்க. நாலு மாசமா சாக்கு விரிச்சு, கல்லு வச்சு, வாராவாரம் சூடம் கொளுத்தியாச்சு. அன்னிக்கு இருந்துச்சோ இல்லையோ, இப்ப இருக்கு."

பின்வரிசையில் பலர் ஆமாம் என்றார்கள். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

மண்டோர் பேசினார். "பூசாரியாரே, கிராணி ஐயா சொன்னது உண்மை. அவரு சாமி இல்ல. ஆனா அவரு சொன்னதுலயே மொத வார்த்தை, எந்த உசுரையும் கொல்லாதேங்கிறதுதான். அவரு பேரச் சொல்லி ஆடு வெட்டுனா, அது அவருக்கு நேர் எதிரு. அத மட்டும் யோசிங்க."

பூசாரியின் முகம் மாறியது. "இருங்க இருங்க. உசுரு எடுக்கக் கூடாதுன்னா சொன்னாரு?"

"ஆமாங்க."

"கள்ளு?"

"அதுவும் கூடாதுன்னாரு."

பூசாரி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "அட பாவிங்களா. சைவ முனிடா அது."

நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் உடனே புரிந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பலி வாங்குகிற முனியும் உண்டு, பொங்கல் மட்டும் ஏற்கிற சுத்த முனியும் உண்டு. சுத்த முனிக்கு முன்னால் கள் வைப்பதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

"சைவ முனிக்குப் போயி சுருட்டும் கள்ளும் வச்சா?" என்றார் ஒருவர். "குளவி கொட்டாம வேற என்னா செய்யும்?"

"கள்ளு யாருடா வச்சது?"

"நீதாண்ணே வச்ச."

"நான் வச்சது முழுப் போத்தலு. பாதியக் குடிச்சது எவன்?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு அவர்களுடைய பயமும் பாதி போனது என்று நினைக்கிறேன். மண்டோர் குரலை உயர்த்தி, "அவரு சைவ முனியும் இல்லீங்க, எந்த முனியும் இல்ல, மனுசன்" என்று சொன்னார். மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார்.

"அது நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்றார் பூசாரி. "அடக்கமான சாமிக்கு அடக்கமான ஆளு. நீங்க கொஞ்சம் மூச்சு விடுங்க மண்டோரே, நான் பொங்கலுக்கு ஆள் அனுப்புறேன்."

ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அது தீபாவளி வாரத்தில் முனியாண்டிக்குப் போயிற்று. மண்டோரால் காக்க முடிந்தது தன் கையை மட்டும்தான், அதை அவரே சொல்வார். மரத்தடியில் கள் போத்தலை எடுத்து எறிந்து, கல்லைக் கழுவி, பச்சரிசிப் பொங்கல் வைத்தார்கள். ஏழு மணிக்கு மண்டோர் முதலில் கானில் இறங்கினார். ஆட்கள் பின்னால் இறங்கினார்கள். பத்து மணிக்குத் துரை வந்தபோது எல்லார் தலையும் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். என்ன நடந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நானும் இப்போது காலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். என் மனைவி தூக்கமா என்று கேட்கிறாள். சில நாள் தூக்கம்தான். பெரிதாக ஒன்றும் வரவில்லை. யாராவது சொன்னது கேட்காவிட்டால் மட்டும் இன்னொரு தடவை கேட்கிறேன். மண்டோர் இரண்டு வருஷம் கழித்து உலு யாம் பக்கம் மாற்றலாகிப் போனார். அங்கே ஒரு பெண் குழந்தையோடு அவர்கள் நன்றாக இருப்பதாகக் கேள்வி.

அந்தத் திங்கட்கிழமைச் சாயந்தரம் கான் கரையில் அவரைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சேறு.

"நல்லா பேசினீங்க ஐயா" என்றார்.

"யார் கேட்டார்கள்?"

"கேட்டாங்களே. தப்பாக் கேட்டாங்க, அவ்வளவுதான்." துண்டை உதறித் தோளில் போட்டார். "மூணு தடவ சொல்லிட்டேன். நாளைக்கும் யாராச்சும் கேட்டா சொல்லுவேன். இப்ப கரை சரியாம இருக்கணும், முட்டுக்கொடுக்க நாலு கழி வேணும். எழுதிக்கிறீங்களா?"

எழுதிக்கொண்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கான் வேலைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். கழிகள் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தன.